உலையும் இலையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், உடம்பின் பருமனைச் சிறிது சிறிதாகக் குறைத்தல் என்னும் பொருள்பற்றித் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துப் பிழைக்கும் யான் உடம்பின் எடையைப் பற்றிப் பேச எழுந்து நிற்பது உங்களுட் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். யான் மருத்துவன் அல்லேன். மல்யுத்தக்காரனும் அல்லேன். செயலாளர் அவர்கள் இப்பொருளைக் குறித்துப் பேசுமாறு பணித்தபொழுது முதலில் மறுத்தேன். பின்னர் ஒருவாறு எண்ணிப் பார்த்து இசைந்தேன். இவ்விஷயத்தில் ஒருமுறை பெருந்தோல்வி அடைந்து, மறுமுறை ஓரளவு தேறியவன் யான். அத்தோல்வியில் என்னோடு என் தமையனாரையும் இழுத்துவிட்டவன். தேறினவன் சொல்லைக் காட்டிலும் தோற்றவன் சொல் சில வேளை பயன்படும் என்பது கருதியே உங்கள்முன் நிற்கின்றேன்.

எனக்கு அகவை 46. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தை இருபத்தோராண்டுகளாக மாணாக்கர்க்குக் கற்பித்து வருகின்றேன். அவ்வதிகாரத்தில் மருந்தொன்றன் பெயரும் இல்லை என்பதையும், முன்னுண்டது செரித்ததா என்று பார்த்து அளவோடு உண்ணுதலையே ஆசிரியர் பெரிதும் பேசுகின்றார் என்பதையும் எத்தனையோ முறை விளக்கியிருக்கின்றேன். விளக்கி முடித்து ஆசிரியர் அறைக்கு வந்ததும் பதினொரு மணி வடை எனக்காகக் காத்திருக்கும். இரண்டு வடை. சட்னி தீர்ந்துவிட்டால் அதன்பொருட்டு மூன்றாவது வடையன்று, வடையின்பொருட்டு இன்னுங்கொஞ்சம் சட்னி. இவ்வாறு நூலறிவு ஒரு பக்கமும் வயிறு ஒரு பக்கமுமாக ஆண்டுகள் கழிந்தன.

2018-ஆம் ஆண்டில் என் எடை 84 கிலோ. உயரம் 166 செண்டிமீட்டர். ஒரு நாள் பள்ளி மாடிப்படி ஏறி வகுப்பறை வாயிலில் நின்று, ஒரு செய்யுளைச் சொல்லத் தொடங்கி, மூச்சு வாங்கிற்று. முன்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, “ஐயா, தண்ணீர் கொண்டு வரட்டுமா?” என்றான். அவன் அன்பினாலேதான் கேட்டான். எனக்கோ நாணம் தாங்கவில்லை. அன்று மாலையே சோற்றை அறவே விட்டேன். காலையில் ஒரு குவளை கஞ்சி, பகலில் வெள்ளரிக்காய், இரவில் பழம். இரண்டு திங்களில் 9 கிலோ குறைந்தது. உற்றார் யாவரும் வியந்தனர். யானும் செருக்குற்றேன். கண்டாரிடமெல்லாம் என் விரதத்தின் பெருமையைப் பேசினேன்.

அப்பேச்சைக் கேட்டவர்களுள் ஒருவர் என் தமையனார். அவர்க்கு நீரிழிவு உண்டு. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உண்டு வந்தார். “தம்பி செய்வதை யானும் செய்வேன்” என்று உணவைச் சுருக்கினார். மாத்திரையைச் சுருக்கவில்லை. சுருக்க வேண்டுமென்று அவரும் அறியார், யானும் அறியேன். நான்காம் நாள் மாலை உடம்பெல்லாம் வியர்த்து, கைந்நடுங்கி, தம் வீட்டு வாசற்படியில் விழுந்தார். இடக்கை மணிக்கட்டு முறிந்தது. நினைவு இருந்தபடியால் மதினி ஓடிவந்து சர்க்கரை கரைத்த நீரைப் புகட்டினார். அவ்வளவில் உயிர்க்கு ஊறு நேராமற் போயிற்று. மருத்துவமனையில் அவர் கட்டிலருகே யான் தலைகுனிந்து நின்றபொழுது, “நீ என்னடா செய்வாய், பசித்துக் கிடக்கத் தெரியாமற் கிடந்தது என் பிழை” என்று என்னைத் தேற்றினார். அச்சொல் இன்றும் என்னை வருத்துகின்றது. ஆதலின் முதற்கண் ஒன்றை விண்ணப்பித்துக் கொள்கின்றேன். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், இரத்த அழுத்தத்திற்கு மருந்துண்போர், கருவுற்றோர், பாலூட்டுவோர் இவர்கள் மருத்துவரைக் கலவாது உணவைக் குறைத்தல் கூடாது. யான் இனிக் கூறுவன யாவும் இவ்வரம்பிற்கு உட்பட்டவை.

என் விரதம் என்னாயிற்று எனின், அடுத்த தீபாவளிக்குள் 9 கிலோவும் திரும்பி, மேலும் 3 கிலோவை உடன் அழைத்து வந்தது. 87 கிலோ! அன்றுவரை வியந்தவர்கள் இப்பொழுது வாய்திறவாது நோக்கினர்.

இஃது என் மனத்திண்மைக் குறைவு என்றே நெடுங்காலம் கருதியிருந்தேன். பின்னர் ஒரு வரலாற்றைப் படித்தேன். இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944, 1945-ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞர்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தினார். போரிற் புகமாட்டோம் என்று மனச்சான்றின்படி மறுத்தவர்கள் அவர்கள். தாமே மனமுவந்து வந்தவர்கள். ஆறு திங்கள் அவர்கட்கு உணவு ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டது. உடம்பின் எடை நாலில் ஒரு பங்கு அளவிற்குக் குறைந்தது. அவ்வளவோடு நிற்கவில்லை. அவர்கள் எந்நேரமும் உணவையே நினைந்தனர்; சமையற் புத்தகங்களைப் படித்துப் பொழுது போக்கினர்; சினமும் சோர்வும் மிகுந்தனர்; குளிரால் நடுங்கினர். உணவு திரும்பக் கிடைத்தபொழுது சிலர் எவ்வளவு உண்டும் நிறைவு காணவில்லை. திண்ணிய நெஞ்சுடையோர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இவ்வாறாயினர் என்றால், வடைக்கு அடிமைப்பட்ட பண்டிதன் எம்மாத்திரம்! திடீரென்று உணவு சுருங்கினால் உடம்பு பஞ்சம் வந்ததென்று கருதித் தன் செலவைச் சுருக்கிக்கொள்கின்றது, பசியை மிகுவிக்கின்றது. அதனோடு மல்லுக்கு நிற்பதில் வெல்வார் மிகச் சிலர்.

நிற்க. “பருத்திருத்தலால் என்ன கேடு? நம் முன்னோர் பருத்திருந்தாரிலரோ?” என்று வினவுவார் உளர். அவர்கட்கு ஒரு நூலளவை சொல்வேன். நும் உயரத்தின் அளவிற்கு ஒரு நூலை அறுத்துக்கொள்க. அதனை இரண்டாக மடித்து, மூச்சை இயல்பாக வெளிவிட்டு, கடை விலாவெலும்பிற்கும் இடுப்பெலும்பிற்கும் நடுவே வயிற்றைச் சுற்றிப் பிடிக்க. நுனிகள் ஒன்றையொன்று தொட்டால் நன்று. தொடாவிட்டால் வயிற்றில் வேண்டாத கொழுப்புச் சேர்ந்திருக்கின்றதென்று பொருள். எனக்கு மடித்த நூல் 83 செண்டிமீட்டர். வயிறோ அன்று 104. நம்போன்ற தென்னாசிய மக்களுக்கு ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 செண்டிமீட்டர் என்பதே மருத்துவ உலகம் வகுத்த எல்லை. வெள்ளையர்க்கு வகுத்த எல்லை இதனினும் பெரிது. கைகால் மெலிந்திருந்தும் வயிற்றிற் கொழுப்பு மிகுதல் நம்மவரிடத்து மிகுதி. நீரிழிவும் இளமையிலேயே வருகின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்தி 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம். அதன் வாயிலில் நிற்போர் 13 கோடியே 60 லட்சம். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் வெறும் வயிற்றில் எடுத்த சோதனையில் என் இரத்தச் சர்க்கரை 118 இருந்தது. 100 முதல் 125 வரை அவ்வாயில். யானும் அவ்வாயிலில் நின்றேன்.

2023-ஆம் ஆண்டு தைத் திங்களில் மறுபடி தொடங்கினேன். இம்முறை ஒருவரிடமும் சொல்லவில்லை. வெட்கமே காரணம், ஆயினும் அது நன்மையாய் முடிந்தது. மருத்துவர் எனக்குக் கூறியது ஒன்றே: “இந்தத் திங்கள் ஒரே ஒரு வழக்கத்தை மாற்றுக. அதுவும் நீங்கள் ஓராண்டு கழித்தும் செய்யக்கூடியதாய் இருத்தல் வேண்டும்.” யான் தேர்ந்தது காப்பி. நாளொன்றுக்கு நான்கு காப்பி. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 5 கிராம் ஆக 40 கிராம். கிராமுக்கு 4 கலோரியாக 160 கலோரி. முதல் இரு வாரம் ஒன்றரைக் கரண்டி, பின்னிரு வாரம் ஒன்று, அடுத்த திங்கள் அரை. நாக்கு முதல் மூன்று நாள் முறையிட்டது, பின் அடங்கிற்று. மூன்றாம் திங்களில் ஒரு திருமண வீட்டில் பழைய முறைப்படி சர்க்கரையிட்ட காப்பியைக் கொடுத்தார்கள். பாகைக் குடிப்பதுபோல் இருந்தது. அப்பொழுதுதான் நாக்கும் ஒரு மாணாக்கனே, மெல்லக் கற்பித்தால் கற்கும் என்று தெளிந்தேன்.

இரண்டாவது சோறு. இதிலேதான் யான் பெரியதொரு பாடம் கற்றேன். என் இலையில் மூன்று கரண்டியை இரண்டாகக் குறைத்து, முதலில் பொரியலையும் கூட்டையும் இலையின் பாதி நிறைய இட்டு உண்ணத் தொடங்கினேன். இரண்டு திங்கள் சென்றன. என் எடை 2 கிலோ குறைந்திருந்தது. ஒரு நாள் என் மனைவி எடைபார்க்கும் கருவியில் ஏறி இறங்கிச் சிரித்தாள். அவள் 2 கிலோ கூடியிருந்தாள்.

“நீங்கள் குறைத்த சோறு எங்கே போயிற்று என்று நினைத்தீர்கள்? பானையில் மிஞ்சிற்று. பானையில் மிஞ்சியது என் வயிற்றுக்கு வந்தது” என்றாள்.

பெரியோர்களே! யான் வாயடைத்துப் போனேன். நம் வீடுகளில் தாய்மார் இறுதியில் உண்கின்றனர். மிஞ்சியதைக் கொட்ட மனம் வாராமல் உண்கின்றனர். குழந்தை பாதியில் விட்ட தோசை, மாமியார் வேண்டாமென்ற உப்புமா, பாத்திரத்தின் அடியில் நின்ற பாயசம் ஆகிய யாவும் ‘வீணாகலாகாது’ என்னும் அறத்தின் பேரால் அவர்கள் வயிற்றிற் சேர்கின்றன. காயும் பருப்பும் அவர்கள் முறை வருமுன்னே தீர்ந்துவிடும். சோறும் குழம்புமே எஞ்சும். பின்னர் நாமே, “இவள் நாள்முழுதும் அடுக்களையில் உழைக்கின்றாள், எப்படித்தான் பருக்கின்றாளோ” என்று ஏளனமும் செய்கின்றோம். குறைக்க வேண்டுவது இலையில் இடும் சோற்றையன்று, உலையில் இடும் அரிசியை. இதனை எனக்கு அறிவுறுத்தியவர் மருத்துவர் அல்லர், என் மனைவியே.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் ஐவர்க்கு மூன்று ஆழாக்கு இட்ட உலையில் இரண்டரை ஆழாக்கு இடப்படுகின்றது. குறைந்த அரிசிக்கு ஈடாகப் பருப்பு, கீரை, சுண்டல், முட்டை இவை கூடின. புலால் உண்போர் மீனைச் சேர்த்துக்கொள்ளலாம். வறுத்ததைவிடக் குழம்பு மீன் நன்று. எண்ணெயிலும் இதுவே முறை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. வாணலியில் ஊற்றும்பொழுது அளப்பார் ஒருவருமிலர். கடையில் வாங்கும்பொழுதே திங்களுக்கு ஐந்து லிட்டரை மூன்றரையாக்கினோம். தாளிப்பு தானே சுருங்கிற்று. அன்றியும் மனைவியும் யானும் ஒன்றாக அமர்ந்து உண்கின்றோம். இஃது எடைக்கு மாத்திரமன்றி வேறு பலவற்றிற்கும் நல்லதாய் இருக்கின்றது. அவற்றை ஈண்டு விரித்தல் வேண்டா.

என் அன்னையார்க்கு எண்பதை அடுத்த அகவை, மெலிந்த உடம்பு. அவர் இலையில் நெய் குறையவில்லை, கூடியே இருக்கின்றது. முதியோர் மெலிதல் நன்றன்று. வளரும் பிள்ளைகளையும் பட்டினியிடலாகாது. அவர்கள் உணவைக் குறையாமல், கடைச் சிப்பங்களையும் இனிப்புப் பானங்களையும் வீட்டில் வாங்கி வையாதிருத்தலே போதும். பெண்மக்களைப் பருமன் குறித்து ஏசுதலை நம் உறவினர் அறவே விடுதல் வேண்டும். பூப்பெய்திய பெண்ணைப் பார்த்து, “இப்படியே போனால் எவன் கட்டுவான்?” என்று ஒரு சித்தி கேட்பதும், அவள் இரவில் உண்ணாது படுப்பதும், பின்னர் எவரும் காணாமல் அலமாரியைத் திறப்பதும் நம் வீடுகளில் நிகழாதனவல்ல. அவ்வேச்சினால் இளைத்தவரை யான் கண்டதில்லை.

உடற்பயிற்சியைக் குறித்துச் சில சொற்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் போயின, அதனாலேதான் நம் பெண்டிர் பருத்தனர், அவற்றை மீளக் கொணர்க என்று மேடைதோறும் பேசுவார் உளர். அங்ஙனம் பேசுவோர் ஒரு நாளேனும் அம்மி அரைத்தவர் அல்லர். மிக்ஸியால் மிஞ்சிய அரைமணி நேரம் யாருக்கு வாய்க்கின்றது என்பதே கேள்வி. அவ்வரைமணியை நடப்பதற்கு அவர்களுக்கு விட்டுக்கொடுத்து, அந்நேரத்தில் குழந்தையை நாம் பார்த்துக்கொண்டால் அம்மியை அழைக்க வேண்டுவதில்லை.

யான் இரவுணவிற்குப் பின் பத்து நிமிடம் தெருவில் நடந்து தொடங்கினேன். பத்தே நிமிடம். உண்டபின் நடத்தலால் உணவின் சர்க்கரை இரத்தத்திற் சடுதியில் ஏறுதல் குறைகின்றது. ஒரு திங்கள் கழித்துப் பதினைந்து. நான்காம் திங்களில் காலையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் அரைமணி. அங்கே என்னினும் முதியோர் என்னைக் கடந்து விரைந்து செல்வர். அதனைப் பொறுத்துக்கொள்ளுதலே முதற் பயிற்சி. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்திற்கு 150 நிமிடமேனும் நடுத்தர முயற்சி வேண்டுமென்கின்றது. நடுத்தரம் என்பதை எங்ஙனம் அறிவது? நடந்துகொண்டே உடன் வருவாரோடு பேச இயலும், பாட இயலாது. அதுவே அளவு. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடந்தே தீரவேண்டும் என்று கையிற் கடிகாரம் கட்டிய இளைஞர் வருந்துகின்றனர். அவ்வெண் ஆராய்ச்சியால் எழுந்ததன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயரால் எழுந்தது. அதனினும் குறைவாக நடப்பினும் பயனுண்டு. முழங்கால் வலியுடையோர் நாற்காலியில் அமர்ந்து, கை ஊன்றாமல், மெல்ல எழுந்து மெல்ல அமர்க. ஐந்து முறை, பின் எட்டு, பின் பத்து. தொடைத் தசை வலுத்தால் முழங்காலின் சுமை குறையும். உணவு குறையும்பொழுது கொழுப்போடு தசையும் கரையும் ஆதலின், இவ்வலிமைப் பயிற்சி வாரத்தில் இருமுறையேனும் இன்றியமையாதது.

இனி, இத்தகைய சிறு மாற்றங்களால் பயன் விளையுமோ என்னும் ஐயத்திற்கு வருகின்றேன். அமெரிக்காவில் நீரிழிவின் வாயிலில் நின்ற மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். உடல் எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைத்தல், வாரம் 150 நிமிடம் நடத்தல் என்பவற்றைக் குறிக்கோளாகக் கொண்டோரிடத்து நீரிழிவு தோன்றுதல் நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மாத்திரை உண்டோரிடத்துக் குறைந்தது 31 பங்கே. 87 கிலோவில் ஏழு பங்கு என்பது 6 கிலோ. சினிமா நாயகர்போல் ஆதல் அன்று. நம் சென்னையிலேயே மருத்துவர் அ. இராமச்சந்திரன் முதலானோர் 531 பேரிடம் செய்து 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் வியப்பானது. மூன்றாண்டில், உணவையும் நடையையும் திருத்திக்கொண்டோரிடத்து நீரிழிவு 28.5 பங்கு குறைந்தது. ஆனால் அவர்கள் எடை சொல்லத்தக்க அளவு குறையவேயில்லை! எடை பார்க்கும் கருவி அசையாத திங்களிலும் உள்ளே நன்மை நிகழ்ந்துகொண்டிருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதனை யான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எட்டுத் திங்களில் 5 கிலோ குறைந்தபின், என் எடை நான்கு திங்கள் அசையாது நின்றது. உடம்பு சிறுத்தால் அதற்கு வேண்டும் உணவும் சிறுக்கின்றது. ஆதலின் இத்தகைய நிலை வந்தே தீரும். 2018-ஆக இருந்தால் சினந்து எல்லாவற்றையும் விட்டிருப்பேன். இம்முறை விடுதற்கு ஒன்றுமில்லை. சர்க்கரை குறைந்த காப்பியும், பாதியிலை காயும், காலை நடையும் விரதமாக இல்லாமல் வழக்கமாகிவிட்டன. எடையை வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலைக்கடன் முடித்தபின் பார்த்துக் குறித்துக்கொள்வேன். நாள்தோறும் பார்த்தல் என்போன்ற படபடப்புள்ளவர்க்கு ஆகாது. முந்தின நாள் ஊறுகாய் உண்டால் அதன் உப்பும் நீரும் மறுநாள் ஒரு கிலோவாய் நின்று அச்சுறுத்தும். இரண்டரை ஆண்டில் 87 கிலோ 76 ஆயிற்று. வயிறு 104-இலிருந்து 94. மடித்த நூல் இன்னும் தொடவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 98. பதினொரு மணி வடை வெள்ளிக்கிழமை மாத்திரம், ஒன்று. அதனை முன்னினும் சுவைத்து உண்கின்றேன்.

வாரந்தோறும் போட்டுக்கொள்ளும் ஊசிகள் இப்பொழுது வந்துள்ளனவே என்று இளைஞர் கேட்பர். மிகப் பருத்தோர்க்கு மருத்துவர் மேற்பார்வையில் அவை பயன்படுகின்றன. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகின்றது. அது மருத்துவர் ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டுவது. பக்கத்து வீட்டார் பரிந்துரைக்கத் தக்கதன்று.

இறுதியாக நம் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். நம் பந்திகளில், “அண்ணாச்சி, இன்னும் ஒரு கரண்டி” என்று கையால் இலையை மறைத்தாலும் மேலே சொரியும் வழக்கம் உண்டு. அன்பின் மிகுதியாற் செய்வதுதான். போதும் என்பாரைப் பிணக்குற்றார் என்று கருதுவதும் உண்டு. நீரிழிவுடையார் பலர் அப்பிணக்கிற்கு அஞ்சி உண்டுவிட்டு இரவில் துன்புறுகின்றனர். வரும் தைத் திங்கள் ஆண்டுவிழா விருந்தில், கேட்டபின்னரே மறுமுறை பரிமாறுவது என்றும், பாயசத்தைச் சிறு கிண்ணத்தில் வைப்பது என்றும், சோற்றுக்கு முன்னர்ப் பொரியலும் கூட்டும் சுண்டலும் நிறைய இடுவது என்றும் ஒரு தீர்மானம் செய்தல் வேண்டும். சமையற்காரரிடம் இப்பொழுதே சொல்லி அரிசிக் கணக்கைக் குறைத்தால் சங்கத்திற்குச் செலவும் குறையும் என்பதைப் பொருளாளர் கவனிப்பாராக. அன்று பரிமாறுவோர் மகளிரையும் முதற்பந்தியிலேயே அமர்த்துவாராக.

ஞாயிறுதோறும் காலை ஐந்தே முக்காலுக்கு யானும் என் தமையனாரும் வ.உ.சி. மைதானத்து வாயிலில் நிற்போம். அவர் மருத்துவரைக் கேட்டு, மாத்திரையின் அளவைத் திருத்திக்கொண்டு, ஓராண்டாக என்னோடு நடக்கின்றார். மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்குவதில்லை. வர விரும்புவோர் வரலாம். மெல்ல நடப்போர்க்கும் துணை உண்டு. அவர் இப்பொழுது முன்வரிசையில் அமர்ந்து கடிகாரத்தைப் பார்க்கின்றார். அவர் இரவுணவு கொள்ளும் நேரம் தாழ்த்தலாகாது ஆதலின், இவ்வளவில் அமர்கின்றேன்.